விசைப்பலகையின் சிறப்பு விசைகள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கணினியின் முன் முதன்முறையாக அமர்பவருக்கு எழுத்து விசைகள் அச்சம் தருவதில்லை. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடச் சற்று நேரம் பிடிக்கலாமே தவிர, அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப், இன்செர்ட் என்று ஓரங்களில் இருக்கும் விசைகளைப் பார்க்கும்போதுதான் தயக்கம் தொடங்குகிறது. இவை திரையில் எழுத்தாகத் தோன்றுவதில்லை. கை தவறிப் பட்டால் ஏதோ ஒன்று மாறிவிடுகிறது. என்ன மாறியது, அதை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்பது புரிவதில்லை.

இந்த விசைகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வது எனக்குச் சரியான வழியாகத் தோன்றவில்லை. ஒரு விசை எவ்வகையில் இயங்குகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சில விசைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேறொரு விசையைத் தட்ட வேண்டும். ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவை இவ்வகை. சில விசைகளை ஒருமுறை தட்டினால் உடனே ஒரு வேலை நடக்கும். எஸ்கேப், டெலிட், ஹோம் போன்றவை இவ்வகை. மூன்றாம் வகை விசைகள் மின்விளக்கின் பொத்தானைப் போன்றவை. ஒருமுறை தட்டினால் ஒரு நிலை தொடங்கும். மறுபடி தட்டும் வரை அந்த நிலை நீடிக்கும். கேப்ஸ் லாக்கும், எண்களுக்கான நம் லாக்கும் இவ்வகை. புதியவர்களைத் திகைக்கவைக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகையிலிருந்தே வருகின்றன.

கீழே சொல்லப்படுபவை விண்டோஸ் இயங்கும் கணினியின் விசைப்பலகையை அடிப்படையாகக் கொண்டவை. மேக் கணினியின் வேறுபாடுகளைப் பின்னர் தனியே சொல்கிறேன். படித்துக்கொண்டே செய்துபார்க்க நோட்பேட் போன்ற எளிய எழுதும் செயலி ஒன்றைத் திறந்து, நான்கைந்து வரிகளைத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்வாங்கும் வழி

விசைப்பலகையின் இடப்புற மேல்மூலையில் இருப்பது எஸ்கேப். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் பெமர், கணினிகள் ஒரு குறியீட்டு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான அடையாளமாக 1960இல் முன்வைத்த குறியிலிருந்து வந்தது இது. இன்று இதன் பொருள் எளிமையானது: தொடங்கிய செயலைக் கைவிடு. நீங்கள் கேட்காமலே ஒரு பட்டியல் விரிந்துவிட்டதா, ஏதோ ஒரு சிறு சாளரம் கேள்வி கேட்கிறதா, காணொளி திரை முழுவதையும் அடைத்துக்கொண்டதா? எஸ்கேப்பைத் தட்டுங்கள். பெரும்பாலான நேரங்களில் முன்பிருந்த இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

செயல் நடந்து முடிந்துவிட்டால் எஸ்கேப் உதவாது. அப்போது கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இசட் எழுத்தைத் தட்ட வேண்டும். கடைசியாகச் செய்த மாற்றம் நீங்கிவிடும்; பல செயலிகளில் மீண்டும் மீண்டும் தட்டினால் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லலாம். அளவுக்கு மிஞ்சிப் பின்னால் போய்விட்டால் கண்ட்ரோலுடன் ஒய் எழுத்தைத் தட்டி முன்னே வரலாம். இப்போதே, தட்டச்சு செய்து வைத்திருக்கும் வரிகளில் ஒன்றை அழித்துவிட்டு இந்த வழியில் மீட்டுப் பாருங்கள். வேறு எதையும் கற்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் கைவசப்படுத்திக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தவறைத் திருத்த முடியும் என்று தெரிந்தவருக்குத்தான் மற்ற விசைகளைத் தொட்டுப்பார்க்கும் துணிவு வரும்.

அழுத்திப் பிடிக்கும் விசைகள்

இவற்றில் மூத்தது ஷிஃப்ட். 1874இல் விற்பனைக்கு வந்த ரெமிங்டன் தட்டச்சுப்பொறியில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1878இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், ஒரே அச்சுக்கோலில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பதித்து, விசையொன்றை அழுத்தித் தாள் உருளையை இடம்பெயர்த்து எது அச்சாக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அமைந்தது. இடம்பெயர்த்தல் என்னும் அந்தப் பொருளே ஷிஃப்ட் என்ற பெயராக நிலைத்துவிட்டது. இன்றும் வேலை அதுதான். ஒரு விசையின்மேல் இரண்டு குறிகள் இருந்தால், மேலே உள்ள குறி ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு தட்டும்போது வரும். ஷிஃப்ட் இருபுறமும் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், எழுத்தைத் தட்டும் கைக்கு எதிர்க்கை அதைப் பிடிக்க வேண்டும் என்பதே.

தமிழில் எழுதுபவருக்கும் ஷிஃப்ட் இன்றியமையாதது. ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தட்டும் ஒலிப்பு முறையில் தமிழ் உள்ளிடும் பல விசைப்பலகைகளில் ணகர, ளகர, றகரங்கள் ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டும்போதுதான் கிடைக்கின்றன.

கண்ட்ரோல், தன்னோடு சேர்த்துத் தட்டப்படும் எழுத்தைக் கட்டளையாக மாற்றுகிறது. இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு விசைகளையும் ஒரே நொடியில் அழுத்த வேண்டும் என்று எண்ணிக்கொண்டு விரல்களை ஒன்றாக இறக்குவார்கள். எழுத்து விசை ஒரு கணம் முந்திவிட்டால் கட்டளை நடப்பதற்குப் பதிலாகத் திரையில் அந்த எழுத்துதான் பதியும். முறை இதுதான்: கண்ட்ரோலை முதலில் அழுத்தி அப்படியே பிடித்திருங்கள், எழுத்து விசையை ஒருமுறை மட்டும் தட்டி விரலை எடுத்துவிடுங்கள், கடைசியில் கண்ட்ரோலை விடுங்கள். எழுத்து விசையையும் அழுத்தியபடியே இருந்தால் கட்டளை திரும்பத் திரும்ப நடக்கும். ஒட்டும் கட்டளையை அப்படிப் பிடித்திருந்தால், ஒரே பத்தி பத்துமுறை ஒட்டப்பட்டுவிடும்.

முதலில் பழக வேண்டியவை கீழ்வரிசையின் இடப்புறத்தில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு எழுத்துகள்: இசட் செய்ததை நீக்கும், எக்ஸ் வெட்டும், சி நகலெடுக்கும், வி ஒட்டும். ஒரே இடத்தில் நெருங்கியிருப்பதால் இடக்கையாலேயே நான்கையும் எட்டலாம். வெட்டுவது, நகலெடுப்பது, ஒட்டுவது என்ற முறையை 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மோட்டும் கணினித் திரைக்குக் கொண்டுவந்தார்கள். இவற்றுக்கு அடுத்தபடியாக, சேமிக்க எஸ், அனைத்தையும் தேர்ந்தெடுக்க ஏ, தேட எஃப் ஆகிய மூன்றையும் கண்ட்ரோலோடு சேர்த்துப் பழகுங்கள். இந்த ஏழும் ஏறத்தாழ எல்லாச் செயலிகளிலும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதால், ஒருமுறை கற்ற உழைப்பு எங்கும் பயன்படும்.

ஆல்ட், செயலியின் மேலே உள்ள பட்டிகளையும் சாளரங்களையும் கையாள்வது. அதைப் பிடித்துக்கொண்டு டேப்பைத் தட்டினால் திறந்திருக்கும் சாளரங்கள் வரிசையாகத் தோன்றும். டேப்பைத் தட்டத் தட்ட ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரும். வேண்டியது வந்ததும் ஆல்டை விட்டுவிடலாம். ஆல்டுடன் எஃப்4ஐத் தட்டினால் நடப்புச் சாளரம் மூடிக்கொள்ளும். ஆல்டைத் தனியே தட்டினாலும் ஒன்று நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பல செயலிகளில் கவனம் எழுதும் இடத்தை விட்டு மேலே இருக்கும் பட்டிக்குப் போய்விடும். அதன்பின் தட்டும் எழுத்துகள் எழுத்தாகப் பதியாமல் கட்டளைகளாகிவிடும். எழுதுவது திடீரென்று நின்றுபோனால் எஸ்கேப்பைத் தட்டிவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள்.

சில விசைப்பலகைகளில் இடைவெளிப்பட்டைக்கு வலப்புறம் இருக்கும் ஆல்டின்மேல் ஆல்ட் ஜிஆர் என்று அச்சிட்டிருக்கும். இது ஒரு விசைக்கு மூன்றாவது, நான்காவது குறிகளைத் தருவதற்கானது. நாணயக் குறிகளும் அயல்மொழி எழுத்துகளும் இவ்வழியில் கிடைக்கின்றன.

விண்டோஸ் சின்னம் பொறித்த விசை இவற்றுள் இளையது. 1994இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட நேச்சுரல் விசைப்பலகையில் முதலில் வந்தது. தனியே தட்டினால் தொடக்கப் பட்டி திறக்கும். திறந்ததும் ஒரு செயலியின் பெயரைத் தட்டச்சு செய்தாலே போதும், தேடிக் கொடுத்துவிடும். இதனோடு எல் எழுத்தைத் தட்டினால் கணினி பூட்டிக்கொள்ளும். இருக்கையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்ல வழக்கம். இ எழுத்து கோப்புறைகளைத் திறக்கும். வி எழுத்து, முன்பு நகலெடுத்தவற்றின் பட்டியலைக் காட்டும். முதல்முறை அதை இயக்க அனுமதி கேட்கும். இடைவெளிப்பட்டையோடு சேர்த்தால் உள்ளீட்டு மொழி மாறும். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி எழுதுபவருக்கு இதைவிடப் பயனுள்ள இணைப்பு வேறில்லை. இடப்புற ஆல்டையும் ஷிஃப்டையும் ஒருசேர அழுத்தினாலும் பல கணினிகளில் மொழி மாறிவிடும். தொடாமலே எழுத்து மாறிவிட்டது என்று தோன்றும் நேரங்களில் பெரும்பாலும் இந்த இரண்டும் கையில் பட்டிருக்கும்.

பூட்டு விசைகள்

கேப்ஸ் லாக் ஒருமுறை தட்டப்பட்டால் ஆங்கில எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்துகளாகவே வரும். எண்களையும் குறிகளையும் அது மாற்றாது. அவற்றுக்கு ஷிஃப்ட்தான் வேண்டும். கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கப்படாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கேப்ஸ் லாக்கின் விளக்கு எரிகிறதா என்பதையே. ஒலிப்பு முறையில் தமிழ் எழுதும்போது னகரத்தைத் தட்டினால் ணகரம் வருகிறது, லகரத்துக்கு ளகரம் வருகிறது என்றாலும் காரணம் பெரும்பாலும் இதுவே.

நம் லாக் ஏன் இருக்கிறது என்பது அதன் வரலாற்றை அறிந்தால்தான் விளங்கும். 1981இல் வந்த ஐபிஎம் தனிமேசைக் கணினியின் விசைப்பலகையில் 83 விசைகளே இருந்தன. எழுதும் இடத்தைக் காட்டும் குறியான கர்சரை நகர்த்தும் அம்பு விசைகளுக்கென்று தனி இடம் இல்லை. வலப்புற எண்தொகுதியே இரண்டு வேலைகளையும் செய்தது. எந்த வேலை என்பதை நம் லாக் தீர்மானித்தது. பின்னர் 101 விசைகள் கொண்ட அமைப்பு வந்தபோது அம்பு விசைகள் தனியே அமைக்கப்பட்டன, ஆனால் எண்தொகுதியின் பழைய இரட்டை வேலை நீக்கப்படவில்லை. அதனால் இன்றும் நம் லாக் அணைந்திருந்தால், எட்டைத் தட்டும்போது எண் வராமல் கர்சர் மேலே போகிறது. எண்தொகுதி வேலை செய்யவில்லை என்று தோன்றினால் நம் லாக்கை ஒருமுறை தட்டிவிட்டுப் பாருங்கள்.

ஸ்க்ரோல் லாக் இன்று எக்செல் போன்ற கணக்கு அட்டவணைச் செயலிகளில்தான் தன் வேலையைக் காட்டுகிறது. அது இயங்கும்போது அம்பு விசையைத் தட்டினால் கட்டத்திலிருந்து கட்டத்துக்கு நகராமல் அட்டவணை முழுவதும் நகரும். உங்கள் மடிக்கணினியில் இவ்விசையே இல்லாமலும் இந்நிலை வந்துவிடலாம். அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஓ எழுத்து மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு விசைப்பலகை தோன்றும், அதிலிருக்கும் ஸ்க்ரோல் லாக்கை மௌஸால் சொடுக்கி அணைத்துவிடலாம்.

பெயரில் பூட்டு என்று இல்லாவிட்டாலும் இன்செர்ட்டும் இந்த இனமே. சில செயலிகளில் இது பட்டுவிட்டால், புதிதாக எழுதும் எழுத்து முன்பிருந்த எழுத்துகளுக்கு இடையே நுழையாமல், வலப்புறம் இருக்கும் எழுத்தை விழுங்கிக்கொண்டு அதன் இடத்தில் அமரும். எழுதிய கட்டுரை கண்முன்னே அழிந்துகொண்டு போவதைக் கண்டு பதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்செர்ட்டை மீண்டும் ஒருமுறை தட்டினால் அது நின்றுவிடும். இழந்ததைக் கண்ட்ரோலும் இசட்டும் மீட்டுத் தரும்.

நகர்வதும் தேர்ந்தெடுப்பதும்

என் கணிப்பில், புதியவர்கள் மிகவும் புறக்கணிப்பதும் கற்றால் மிகுதியாகப் பயன் தருவதும் இந்தப் பகுதிதான். கர்சரை நகர்த்த ஒவ்வொரு முறையும் கையை மௌஸுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஹோம் வரியின் தொடக்கத்துக்கும், எண்ட் வரியின் முடிவுக்கும் அழைத்துச் செல்லும். பேஜ் அப், பேஜ் டௌன் இரண்டும் ஏறத்தாழ ஒரு திரை அளவு மேலும் கீழும் நகர்த்தும். கண்ட்ரோலைச் சேர்த்தால் தாவல் பெரிதாகிறது: கண்ட்ரோலுடன் ஹோம் ஆவணத்தின் தொடக்கத்துக்கும், எண்ட் அதன் இறுதிக்கும் போகும், இட, வல அம்புகள் சொல் சொல்லாகத் தாவும்.

இவற்றோடு ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால், கர்சர் கடந்துபோகும் பகுதி முழுவதும் தேர்ந்தெடுக்கப்படும். செய்துபாருங்கள். ஒரு வரியின் நடுவில் கர்சரை வைத்து, ஹோமைத் தட்டுங்கள். பிறகு ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு எண்டைத் தட்டுங்கள். வரி முழுவதும் நிறம் மாறியிருக்கும். கண்ட்ரோலுடன் எக்ஸைத் தட்டி வெட்டுங்கள். கீழ் அம்பால் இரண்டு வரி இறங்கி, கண்ட்ரோலுடன் வியைத் தட்டி ஒட்டுங்கள். மௌஸைத் தொடாமலே ஒரு வரியை இடம் மாற்றிவிட்டீர்கள். இதைப் பத்துமுறை செய்தால் விரல்கள் தாமாகவே பழகிக்கொள்ளும்.

அழிப்பதற்கு இரண்டு விசைகள் உண்டு. பேக்ஸ்பேஸ் கர்சருக்கு இடப்புறம் இருப்பதையும், டெலிட் வலப்புறம் இருப்பதையும் அழிக்கும். தமிழில் இவற்றுக்குள் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் கொ என்னும் எழுத்து, ககரமும் அதன் துணைக்குறியும் என இரு கூறுகளாகச் சேமிக்கப்படுகிறது. பெரும்பாலான செயலிகளில் பேக்ஸ்பேஸ் கடைசிக் கூறை மட்டும் நீக்கி ககரத்தை விட்டுவைக்கும். டெலிட் எழுத்தை முழுவதுமாக நீக்கிவிடும். கொ என்பதைக் கூ என்று திருத்த வேண்டுமானால் பேக்ஸ்பேஸ் ஒருமுறை போதும், ககரத்தை மறுபடி தட்ட வேண்டியதில்லை. கண்ட்ரோலுடன் பேக்ஸ்பேஸைத் தட்டினால் சொல்லே முழுதாக நீங்கும்; தமிழின் நீண்ட சொற்களைத் திருத்தும்போது இது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரே ஒரு எச்சரிக்கை: கோப்பைத் தேர்ந்தெடுத்து டெலிட்டைத் தட்டினால் அது மறுசுழற்சித் தொட்டிக்குப் போகும், மீட்டுக்கொள்ளலாம், ஷிஃப்டுடன் டெலிட்டைத் தட்டினால் தொட்டிக்குப் போகாமலே அழிந்துவிடும். பழகும் வரை அந்த இணைப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

டேப்பும் என்டரும்

தட்டச்சுப்பொறியில் அட்டவணையின் நெடுவரிசைகளை நேர்கோட்டில் அமைக்கப் பயன்பட்ட டேப், இன்று படிவங்களை நிரப்பும்போது பெரிதும் உதவுகிறது. ஒரு கட்டத்தை நிரப்பியதும் டேப்பைத் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஷிஃப்டுடன் தட்டினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பலாம். படிவத்தின் நடுவில் என்டரைத் தட்டாதீர்கள், ஏனெனில் பல படிவங்களில் என்டர் என்பது சமர்ப்பித்துவிடு என்னும் கட்டளை. அரட்டைச் செயலிகளிலும் அப்படியே: என்டர் செய்தியை அனுப்பிவிடும், அனுப்பாமல் அடுத்த வரிக்குப் போகப் பலவற்றில் ஷிஃப்டுடன் என்டரைத் தட்ட வேண்டும்.

எஃப்1 முதல் எஃப்12 வரை

பன்னிரண்டையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு செயலியும் இவற்றுக்கு வெவ்வேறு வேலை தருகிறது. எஃப்1 பெரும்பாலும் உதவிப் பக்கத்தைத் திறக்கும். எஃப்2 தேர்ந்தெடுத்த கோப்பின் பெயரை மாற்றவும், எக்செலில் கட்டத்துக்குள் இருப்பதைத் திருத்தவும் பயன்படும். எஃப்5 இணையப் பக்கத்தைப் புதுப்பிக்கும். எஃப்11 உலாவியைத் திரை முழுவதும் விரிக்கும். மேலே இருந்த பட்டைகள் எல்லாம் காணாமல் போய்விட்டால் அதையே மீண்டும் தட்டுங்கள். இந்த நான்கு போதும்.

மடிக்கணினிகளில் இதே விசைகள்மேல் ஒலியளவு, திரையின் வெளிச்சம் ஆகியவற்றின் படங்களும் இருக்கும். எந்த வேலை நேரடியாக நடக்கும், எதற்கு எஃப்என் என்னும் விசையைப் பிடிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. எஃப்5ஐத் தட்டினால் பக்கம் புதுப்பிக்கப்படாமல் வெளிச்சம் குறைகிறது என்றால், எஃப்என்னைப் பிடித்துக்கொண்டு தட்டிப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்துத் தட்டினால் இந்த முறை நிலையாகவே மாறிக்கொள்ளும்.

திரையைப் படமெடுப்பதும் உறைந்த கணினியை மீட்பதும்

பிரிண்ட் ஸ்க்ரீன் என்ற பெயரைப் பார்த்து அச்சுப்பொறி இயங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. தொடக்ககாலக் கணினிகளில் அது உண்மையிலேயே திரையில் இருந்ததை அச்சுப்பொறிக்கு அனுப்பியது. இப்போது திரையைப் படமாக எடுக்கிறது. விண்டோஸ் விசையுடன் சேர்த்துத் தட்டினால், படங்களுக்கான கோப்புறைக்குள் ஸ்க்ரீன்ஷாட்ஸ் என்னும் உட்கோப்புறையில் படம் தானாகச் சேமிக்கப்படும். ஒரு பகுதி மட்டும் வேண்டுமானால் விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ் எழுத்தைத் தட்டி, மௌஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம். கணினியில் ஏதேனும் பிழைச்செய்தி வந்தால், அதை இவ்வாறு படமெடுத்து வைத்துக்கொண்டு உதவி கேளுங்கள். நினைவிலிருந்து சொல்வதைவிட அது பலமடங்கு தெளிவு.

கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தும் முறையை ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி வகுத்தார். அன்று அது கணினியை உடனே மறுபடி தொடங்கச் செய்தது. ஆகவே ஒரே கையால் தற்செயலாக அழுத்திவிட முடியாதபடி தொலைவில் இருக்கும் விசைகளை அவர் தேர்ந்தெடுத்தார். இன்றைய விண்டோஸில் இது கணினியை அணைப்பதில்லை. பூட்டவும், வெளியேறவும், இயங்கும் செயலிகளைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும் வழிதரும் ஒரு திரையைக் காட்டும். ஒரு செயலி உறைந்துபோனால் டாஸ்க் மேனேஜருக்குச் சென்று அந்த ஒன்றை மட்டும் முடித்துவைக்கலாம். மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு முன் இதைச் செய்துபாருங்கள். மற்றச் செயலிகளில் சேமிக்காமல் வைத்திருக்கும் வேலை காப்பாற்றப்படும்.

மேக் கணினியில்

மேக்கில் கண்ட்ரோலின் பெரும்பாலான வேலைகளை இடைவெளிப்பட்டைக்கு அருகிலிருக்கும் கமாண்ட் விசை செய்கிறது. நகலெடுக்கக் கமாண்டுடன் சி, நீக்கியதை மீட்கக் கமாண்டுடன் இசட். ஆல்ட் இருக்கும் இடத்தில் ஆப்ஷன் இருக்கும். டெலிட் என்று எழுதியிருக்கும் விசை பேக்ஸ்பேஸின் வேலையைச் செய்யும். வலப்புறம் அழிக்க எஃப்என்னைச் சேர்த்துத் தட்ட வேண்டும். திரை முழுவதையும் படமெடுக்கக் கமாண்ட், ஷிஃப்ட், மூன்றாம் எண் ஆகியவற்றையும், ஒரு பகுதிக்கு நான்காம் எண்ணையும் பயன்படுத்தலாம்.

ஒரே கையால் இயக்குபவர்களுக்கு

இரண்டு மூன்று விசைகளை ஒன்றாகப் பிடிப்பது எல்லோருக்கும் இயலாது. கையில் காயம் பட்டவர்களுக்கும், விரல்கள் நடுங்குபவர்களுக்கும், ஒரே கையால் தட்டச்சு செய்பவர்களுக்கும் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்னும் வசதி உள்ளது. ஷிஃப்டை அடுத்தடுத்து ஐந்துமுறை தட்டினால் இதை இயக்கலாமா என்று ஒரு சிறு சாளரம் கேட்கும். ஆம் என்றால், கண்ட்ரோலை ஒருமுறை தட்டி விரலை எடுத்துவிட்டு, பிறகு சி எழுத்தைத் தட்டினாலே நகலெடுக்கும் கட்டளை நிறைவேறும். இதேபோல் வலப்புற ஷிஃப்டை எட்டு நொடி பிடித்திருந்தால், தவறிப்படும் தொடுதல்களைப் புறக்கணிக்கும் ஃபில்டர் கீஸ் வசதிக்கான கேள்வி தோன்றும். இவை தேவைப்படாதவருக்கு அந்தச் சாளரம் தற்செயலாக வந்துவிட்டால், இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆம் என்று சொல்லிவிட்டுப் பிறகு விசைகள் விந்தையாக நடப்பதாகத் தோன்றினால், அமைப்புகளில் அணுகல்தன்மை என்னும் பிரிவின் கீழ் விசைப்பலகைக்குச் சென்று இரண்டையும் அணைத்துவிடலாம்.